ருக்மணி பேர்ல ஒரு சின்னக் கார்

ஜூன் 3, திங்கள்

கோயமுத்தூர்ல கம்பெனி மீட்டிங். போக வர பஸ்ஸுலயே அஞ்சு மணி நேரம், அங்க போனா ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும். இருவத்திரெண்டு வருசமா ஊரு ஊராப் போயி பம்புசெட்டு ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஆர்டர் புடிச்சுக் குடுக்கறவனுக்கு இதுதான் மரியாதை.

மேனேஜர் ரங்கராஜன் சுத்தி வளைக்கல. ஆகஸ்ட் ஒண்ணுல இருந்து லைனெல்லாம் ஒண்ணாச் சேக்கறாங்களாம். தாராபுரம், காங்கயம், வெள்ளகோயில், மூலனூர் இதுவரைக்கும் என்னுது. இனி ஒட்டன்சத்திரமும் பழனியும் சேத்தி. தெனம் நூத்திருவது கிலோமீட்டர் ஓட்டோணும், சாம்பிள் பெட்டி மூணு கூட வரும். "ஸ்கூட்டர்ல ஆகாதுங்க சென்னியப்பன். கார் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் லைன். பெட்ரோல் நாங்க குடுக்கறோம், வண்டி உங்களுது. முடியாட்டி இப்பவே சொல்லிருங்க, பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் ரெடியா இருக்கறார்"ன்னார். இந்த வருசத்துல நான் ரெண்டு தடவ ஸ்கூட்டர்ல விழுந்ததையும் எல்லாருக்கும் முன்னால சொல்லிக் காட்டுனார்.

விழுந்தது என் தப்பா? மொத தடவ எருமை குறுக்க வந்துச்சு. ரெண்டாவது தடவ மொபெட்டுக்காரன் ஒருத்தன் எங்கிருந்து வந்தான்னே தெரியாம பூந்தான். ஊருல ஒருத்தனுக்கும் ரோட்டுல போகத் தெரியறதில்ல.

அம்பத்திரெண்டு வயசுல இந்த வேலை போனா வேற எவன் குடுப்பான்? பாப்பா பிரதீபாவுக்கு ஈரோட்டுல நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருசம் கெடக்குது. கார் வாங்கியே ஆகோணும்.

ஜூன் 5, புதன்

ருக்மணிகிட்ட இன்னைக்குத்தான் சொன்னேன். என்ற சம்சாரம் பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். எம்பத்திரெண்டு கொழந்தைங்களுக்குத் தெனம் சோறு. எங்க ஊட்டுல மாசம் பொறந்தா தவறாம சம்பளம் வர்றது அவளுக்குத்தான். எனக்குக் கமிசன், வந்தா உண்டு.

அவ அரிசி பொறுக்கிட்டு இருந்தா. "நீங்களேதான் ஓட்டோணுங்களா?"ன்னா. "பின்ன, டிரைவரா வெப்பாங்க?"ன்னு கத்திட்டேன்.

இப்பெல்லாம் காபி டம்ளர என் மூஞ்சிக்கு நேரா கொண்டாந்து வெக்கறா. ஓரமா வெச்சா என்னன்னு கேட்டா, தட்டி உட்டுருவீங்கங்கறா. நான் என்ன கைக்கொழந்தையா? ரெண்டே தடவதான் தட்டி உட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

புரோக்கர் லாரன்ஸ் கூட பழைய வண்டி பாத்தேன். காங்கயம் ரோட்டுல ஒரு ஷெட்டு, பதினஞ்சு வண்டி நிக்குது. மொத வண்டி கதவத் தொறந்ததும் ஈரச் சாக்கு வாசம். "மழையில ஜன்னலச் சாத்த மறந்துட்டாங்கண்ணா"ன்னான். ஜன்னல மறந்தா சீட்டுக்கு அடியில ஆத்து மணல் எப்படிடா வரும்? ரெண்டாவது வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, ஓட்டம் தொண்ணூறாயிரம், வெலை ரெண்டே கால் லட்சம்.

ஓட்டிப் பாத்தேன். இருவது வருசத்துக்கு முந்தி கம்பெனி வேன் ஓட்டுன கை, கியரு மறக்கல. திரும்பி வந்து ஷெட்டுக்குள்ள நொழையறப்ப இடது பக்கம் 'கிரீச்'சுன்னு ஒரு சத்தம். கல்லுத் தூண். கேட்டுக்கு இவ்வளவு ஒட்டியா தூண நடுவாங்க? பெயின்டுக்குன்னு ஆயிரத்தைநூறு வாங்கிட்டான். "புது வண்டி பழகற வரைக்கும் அப்படித்தாங்கண்ணா"ன்னு லாரன்ஸே சமாதானம் சொல்றான். நானும் ஆமாடான்னேன்.

பழைய வண்டிக்கு வட்டி பதினாறு பர்சென்டாம். அதுக்கு புது ஆல்டோ, இருக்கறதுலயே கொறஞ்ச மாடல், பாட்டுப் பொட்டி கூட இல்லாதது, எடுத்துரலாம். விரலுக்கேத்த வீக்கம். நாலு லட்சத்து எம்பதாயிரம் கையில இருந்தா வண்டி வாசல்ல நிக்கும். கையில இருக்கறது பதினோராயிரம்.

ஜூன் 13, வியாழன்

பேங்க்ல ஆகாதுன்னுட்டாங்க. சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு பத்துப் பைசா குடுக்க மாட்டானாம். ஆர்டர் புக்கக் காட்டுனேன், சிரிக்கறான்.

பைனான்ஸ் கம்பெனியில இருந்து கவின்னு ஒரு தம்பி வந்தான். பத்தரை பர்சென்ட், அஞ்சு வருசம், மாசம் எட்டாயிரத்து நானூறு. கடனோட இன்சூரன்ஸ் ஒண்ணும் கட்டாயம். கடன் வாங்குனவங்களுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா மிச்சத் தவணைய அந்த இன்சூரன்ஸ் கட்டிரும், குடும்பத்து மேல விழாதுன்னு சொன்னான்.

அதக் கேட்டதும் மனசுக்குள்ள ஒரு நிம்மதி. ரோட்டுலயே கெடக்கறவனுக்கு ஆயிரம் நடக்கும். நடந்தா நடந்துட்டுப் போகுது, இவங்க தலையில கடன் நிக்காது.

ஜூன் 16, ஞாயிறு

மூலனூர் ஜோசியரப் பாக்காம எங்க சொந்தத்துல ஒருத்தனும் சைக்கிள் கூட வாங்க மாட்டான். அவர் ரெண்டு ஜாதகத்தையும் விரிச்சார். எனக்குக் கடக ராசி, அஷ்டமச் சனி நடக்குது. "உங்க பேர்ல இரும்பே ஆகாதுங்க. அம்மணி தனுசு ராசி, மூணுல சனி, அமோகம். ஆர்.சி. புக்கு அவங்க பேர்ல இருக்கட்டும். ஓட்டறது நீங்க ஓட்டிக்குங்க, தோசமில்ல"ன்னார். ஆடி பொறக்கறதுக்கு முந்தி எடுத்தறோணுமாம். இருநூத்தம்பது ரூவா தட்டுல வெச்சேன்.

ருக்மணி கேட்டா: "ஓட்டறவங்களுக்கு எப்படியிருக்குதுன்னு பாத்துச் சொல்ல மாட்டீங்களா?" அவர் காதுல வாங்காம அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டார்.

கவினுக்குப் போன் பண்ணுனேன். அம்மா பேர்லயே போட்டறலாங்க, அவங்களுக்குத்தான் சம்பளம் வருது, ரெண்டே நாள்ல சாங்ஷன்னு குதிக்கறான்.

ஜூன் 19, புதன்

லைசென்ஸ் ரினியூவல். நாப்பது வயசுக்கு மேல டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். டிரைவிங் ஸ்கூல்காரரே ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனார்.

வரிசையில ஏழு பேரு. உள்ள கூப்பிட்டாங்க. செவுத்துல எழுத்து அட்டை தொங்குது. டாக்டர் தலைய நிமிந்தே பாக்கல. "பேரு? வயசு? சுகர் இருக்கா? கண்ணு நல்லாத் தெரியுதா?"

சொல்றதா வேண்டாமான்னு நிக்கறப்பவே சீல் குத்தி நீட்டிட்டார். முந்நூறு ரூவா. அடுத்தவன் உள்ள வந்துட்டான்.

வெளிய வந்து ஒரு இளநி குடிச்சேன். சந்தோசப்பட வேண்டிய சமாச்சாரம்தான். எதுக்கோ அழுகை வந்துச்சு, வெயிலு.

ஜூன் 23, ஞாயிறு

ஊட்டுல யாருமில்ல. எழுதிர்றேன்.

மாசி மாசம் மில்லுக்காரங்க இலவசக் கண் முகாம் போட்டாங்க. மூக்குக்கண்ணாடி சும்மா குடுப்பாங்கன்னு போனேன். எழுத்து அட்டைய கடைசி வரி வரைக்கும் படிச்சேன், நர்சம்மாவே ஆச்சரியப்பட்டுச்சு. அப்புறம் ஒரு லேடி டாக்டர் எதுக்கால உக்காந்து, என் மூக்கையே பாருங்க, பக்கத்துல விரல் தெரிஞ்சா சொல்லுங்கன்னுச்சு. நான் விரலுக்காகக் காத்துட்டே இருக்கறேன். வரவே இல்ல. என்னங்கம்மா விரலக் காட்டலயேன்னு கேட்டா, காட்டிட்டுத்தான் இருக்கறேன்னுச்சு. மூஞ்சிக்கு நேரா கொண்டாந்த பொறவுதான் தெரிஞ்சுச்சு.

கண்ணுல அழுத்தமாம். நரம்பு ஓரத்துல இருந்து காஞ்சுட்டே வருதாம். போனது போனதுதானாம், சொட்டு மருந்து உட்டா இருக்கறது நிக்குமாம். ஒரு வாரத்துல கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துச்சு. வண்டி மட்டும் ஓட்டாதீங்கன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு.

போகல. போனா பதிவாயிரும், பதிவானா கம்பெனிக்குத் தெரிஞ்சிரும். நேராப் பாத்தா எனக்கு எல்லாமே தெரியுது. இத எழுதறனே, கோடு தப்பாம எழுதறேன்.

கார்ன்னா நாலு பக்கமும் தகரம் இருக்குது. ஸ்கூட்டர் மாதிரி இல்ல.

ஜூன் 27, வியாழன்

கவின் பேப்பர் கட்டோட ஊட்டுக்கு வந்தான். முன்பணத்துக்கு ருக்மணி வளையல் ரெண்டையும் நேத்தே நகைக்கடன்ல வெச்சாச்சு. அவளே கழட்டிக் குடுத்தா. கை மொட்டையாக் கெடக்குது, பாக்கவே சகிக்கல.

முப்பத்தேழு கையெழுத்து போட்டா. நான் சும்மா கேக்கற மாதிரி கவின்கிட்ட கேட்டேன்: "ஏந்தம்பி, அந்த இன்சூரன்ஸு... ரோட்டுல எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கடன் தள்ளுபடிதான?"

"இல்லீங்க சார். கடன் அம்மா பேர்ல. அம்மாவுக்கு ஆனாத்தான் தள்ளுபடி. உங்களுக்கு ஆனா அம்மா தவணை கட்டித்தான் ஆகோணும். வண்டி இன்சூரன்ஸுல விபத்துக்குப் பணம் குடுக்கற ஓனர் டிரைவர் கவரும் அம்மாவுக்குத்தான்"னான்.

சனிக்குப் பயந்து அவ பேர்ல போட்டேன். இப்ப நான் செத்தாலும் அவதான் கட்டோணும். யானைய வாங்கி அங்குசத்துக்கு அழுதானாம் ஒருத்தன். நான் யானைக்கடியிலயே படுத்துக் கெடக்கறேன்.

நான் கேட்டத ருக்மணி கேட்டுட்டா. பேனாவ அப்படியே புடிச்சுட்டு என்னையே பாத்தா. மிச்சம் நாலு கையெழுத்து இருந்துச்சு. வேண்டாம்னு எந்திரிச்சுருவான்னு நெனச்சேன். எந்திரிக்கோணும்னு கூட நெனச்சேன். போட்டுட்டா. "தோசைக்கு ஊத்தறேன்"னு உள்ள போனா.

ஜூலை 2, செவ்வாய்

கடன் சாங்ஷன். மேனேஜர்கிட்டச் சொன்னேன், "சபாஷ் சென்னியப்பன்"ன்னார்.

ஜூலை 7, ஞாயிறு

பாப்பா போன்ல ஒரே குதியாட்டம். "அப்பா, நான் லீவுக்கு வர்றப்ப ஈரோட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போகோணும்"ங்குது. கண்ணாஸ்பத்திரி வார்டுல டியூட்டி போட்டிருக்காங்களாம் அதுக்கு. போனை ருக்மணிகிட்டக் குடுத்துட்டு எந்திரிச்சுட்டேன்.

யாராச்சும் ஒருத்தர் வேண்டாம்னு சொல்வாங்கன்னு பாத்துட்டே இருக்கறேன். டாக்டரப் பாத்தேன், ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன், பைனான்ஸ், ஷோரூம், ஜோசியரு. எல்லாரும் சரிசரின்னு தலையாட்டித் தள்ளி உடறாங்க. நான் கேட்ட கடன் எதுக்கும் இத்தனை சுளுவா கதவு தொறந்ததில்ல.

ஜூலை 12, வெள்ளி

வண்டி எடுத்தாச்சு. வெள்ளைக் கலர். மாலை போட்டு, சந்தனம் வெச்சு, சாவிய ருக்மணி கையில குடுத்துப் போட்டோ புடிச்சாங்க. போட்டோவுல அவ சிரிக்கல.

கோயில்ல பூசை போட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு எடுத்தோம். ஊடு வர்ற வரைக்கும் இவ வாய் ஓயல. "இந்தப் பக்கம் சைக்கிள் நிக்குதுங்க. அந்தப் பக்கம் ஒரு பாட்டி வருதுங்க. வலது பக்கம் பஸ்ஸுங்க." கல்யாணமாகி இருவத்திமூணு வருசத்துல இத்தனை பேசுனதில்ல. "எனக்குத் தெரியாதா, சும்மா வா"ன்னேன். சும்மா வந்தா கொஞ்ச தூரம். வாசல் தூணுல கண்ணாடி இடிச்சு மடங்கிப் போச்சு. ஒண்ணும் ஆகல, திருப்பி நிமித்திக்கலாம்.

ஜூலை 13, சனி

காங்கயம் வரைக்கும் போயி வந்தோம். அவ சொல்லச் சொல்ல நான் ஓட்டறேன். இப்படியே தெனமும் கூட வந்தா ஒரு பயமும் இல்ல. வர முடியாது. அவ வேலைக்குப் போனாத்தான் தவணை.

ஜூலை 15, திங்கள்

அவள பள்ளிக்கூடத்துல எறக்கி உட்டேன். கொழந்தைங்க எல்லாம் "ஆயா காரு, ஆயா காரு"ன்னு சுத்தி நின்னுக்குச்சு, இவளத்தான் ஆயாங்குதுங்க. எத்தனை கொழந்தைங்கன்னு தெரியல. நகரறதுக்கு முந்தி அவ எறங்கி ஒவ்வொண்ணா அந்தால தள்ளி நிறுத்துனா.

மூலனூர் போயி ரெண்டு கடையில ஆர்டர் எடுத்தேன். லாரிக்குப் பின்னாலயே முப்பதுல போனேன். கை முறுக்கிப் புழிஞ்ச துணியாட்டம் வலிக்குது.

ஜூலை 19, வெள்ளி

இத எழுதாம இருக்க முடியல.

பதினோரு மணிக்கு ருக்மணி போன். காய்க்காரன் வரல, சாம்பாருக்குத் தக்காளியும் கேரட்டும் இல்ல, சத்துணவு நேரமாச்சு, யாருகிட்டயாச்சும் குடுத்து அனுப்புங்கன்னா. நானே கொண்டு வர்றேன்னேன். வேண்டாங்கன்னா. அட, கார் எதுக்கு இருக்குதுன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். பெரிய வேலை செய்யற நெனப்பு எனக்கு. சந்தையில அஞ்சு கிலோ தக்காளியும் ரெண்டு கிலோ கேரட்டும் வாங்கிப் பின்சீட்டுல வெச்சுட்டுப் போனேன்.

கேட்டுத் தொறந்து இருந்துச்சு. மைதானம் காலியா இருந்துச்சு. காலியாத்தான் இருந்துச்சு. நேரா சமையக்கூடத்தப் பாத்து மெதுவா உட்டேன், பத்து கிலோமீட்டர் வேகம் கூட இருக்காது. இடது சக்கரத்துக்குக் கீழ ஒரு சத்தம். தகரம் நசுங்கற சத்தம். அந்தச் சத்தம் கேட்ட பொறவுதான் பிரேக் அமுக்குனேன்.

ஒரு கொழந்தை கத்துச்சு.

கதவத் தொறக்க வரல. ருக்மணி கரண்டியோட ஓடி வர்றது மட்டும் கண்ணாடிக்கு நேராத் தெரிஞ்சுது. அவ மூஞ்சி இருந்த இருப்ப நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். சாமி, எடுத்துக்க, என்னை எடுத்துக்கன்னு வாய் உட்டுக் கத்துனேன்.

தன்ஷிகான்னு மூணாங்கிளாஸ் புள்ள. முழுசா நிக்குது. ஒரு கீறல் இல்ல. கீழ வெச்சிருந்த சோத்துத் தட்டு மட்டும் சக்கரத்துக்கு அடியில அப்பளமாக் கெடக்குது. "எந்தட்டு போச்சுங்க, நான் சோறு எதுலீங்க வாங்கறது"ன்னு அது தேம்பித் தேம்பி அழுகுது.

அப்பத்தான் பாத்தேன். தலையத் திருப்பிப் பாத்தேன். மரத்தடியில இருந்து சமையக்கூடம் வரைக்கும் கொழந்தைங்க தட்டோட வரிசை கட்டி நிக்குதுங்க. முப்பது நாப்பது இருக்கும். மைதானம் காலியா இல்ல. அந்த வரிசைய ஒட்டித்தான் நான் ஓட்டிட்டு வந்திருக்கறேன்.

பெரிய டீச்சர் வந்தாங்க. "பரவால்லீங்க சார், பயப்படாதீங்க. புள்ளைங்கன்னா இப்படித்தான், திடுதிப்புன்னு குறுக்க ஓடி வந்துரும்"ன்னாங்க. கூட நின்ன ரெண்டு பேரும் ஆமாம் ஆமாங்கறாங்க.

நாலு மாசமா நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தது அதுதான். இன்னைக்கு அது வாயில வரல. "இல்லீங்க டீச்சர். அவ ஓடி வரல. நின்னுட்டுத்தான் இருந்திருக்கறா. எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியறதில்ல"ன்னேன். சொன்னதும் அங்கயே மண்ணுல உக்காந்துட்டேன். யாரோ கொழந்தைங்கள எல்லாம் கிளாசுக்குள்ள போகச் சொன்னாங்க.

வண்டிய வாத்தியார் ஒருத்தர் எங்க ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்து உட்டார்.

ஜூலை 20, சனி

ருக்மணி நேத்துப் பொழுதோடதான் ஊட்டுக்கு வந்தா. வெடியால காபிய நேரா கொண்டாந்து வெச்சா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"சிவராத்திரிக்கு முந்தியே. சட்டைய தொவைக்கப் போட்டப்ப சீட்டு இருந்துச்சு. படிச்சுட்டுத் திரும்ப அதே பையில வெச்சேன். நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன்."

"தெரிஞ்சுமா கையெழுத்து போட்ட?"

அவ அழுகல. அழுதிருந்தாத் தேவல. "வேலை போயிருமேன்னுதான். பாப்பாவுக்கு ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் எப்படியாச்சும் ஓடிட்டாப் போதும்னு நெனச்சேன். ஒண்ணும் ஆகாது, சாமி பாத்துக்கும்னு நெனச்சேன். நீங்க அந்தத் தம்பிகிட்ட இன்சூரன்ஸப் பத்திக் கேட்டீங்களே, அப்பவாச்சும் எந்திரிச்சுருக்கோணும். உங்க உசுரப் பத்தித்தான் நெனச்சேன். எதுக்கால வர்ற உசுரப் பத்தி நெனைக்கலீங்க. தெனமும் எம்பது புள்ளைங்களுக்குச் சோறு போடறவ நான். எனக்குத் தோணவே இல்லீங்க"ன்னா.

எனக்குத் தோணுச்சே. டாக்டரம்மா ரெண்டு தடவ சொல்லுச்சே.

இன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிடல.

ஜூலை 22, திங்கள்

மேனேஜருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன். "அய்யய்யோ"ன்னார், நெசமாவே வருத்தப்பட்டார். லைன் பொள்ளாச்சிக்காரருக்கு. சாம்பிள் பெட்டிய அடுத்த வாரம் ஆள் வந்து வாங்கிக்குமாம். இருவத்திரெண்டு வருசம், ஆறு நிமிசத்துல முடிஞ்சுது.

ஜூலை 25, வியாழன்

லாரன்ஸ் வந்து வண்டியச் சுத்திப் பாத்தான். முந்நூத்திப் பத்து கிலோமீட்டர்தான் ஓடியிருக்குது. "ஆடி மாசங்கண்ணா, எவனும் வண்டி எடுக்க மாட்டான். எடுத்தாலும் மூணு மூணே கால்தான். ஷோரூம் வாசலத் தாண்டுனா புதுசு இல்லீங்களே"ன்னான். கவினக் கேட்டா, ஆறு மாசத்துக்கு முந்தி கடன முடிக்க முடியாது, அதுக்கப்புறம் முடிச்சாலும் அபராதம் உண்டுங்கறான். கடனே மூணு லட்சத்துத் தொண்ணூறாயிரம். வித்தாலும் கடன் நிக்குது, விக்காட்டியும் நிக்குது.

பாப்பாவுக்கு இன்னும் சொல்லல.

ஜூலை 31, புதன்

பஸ் ஏறி கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி. ருக்மணி என் கையப் புடிச்சுட்டே வந்தா. ஒரு மிசினுக்குள்ள தலைய உட்டு, வெளிச்சம் தெரியறப்ப பட்டன அமுக்கச் சொன்னாங்க. நான் காத்துட்டே இருந்தேன்.

டாக்டர் படத்தக் காட்டுனார். ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு வட்டம், சுத்தியும் கருப்பு, நடுவுல அஞ்சு ரூவா காசு அளவுக்கு வெள்ளை. மாசியிலயே வந்திருந்தா இதவிடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்னு அவர் எங்கிட்டச் சொல்லல, ஏன் இத்தனை நாள் வரலன்னுதான் கேட்டார். வேலை இருந்துச்சுங்கன்னேன்.

சொட்டு மருந்து தெனமும் ரெண்டு வேளை, ஆயுசுக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மொதல் தவணை. ருக்மணி சம்பளத்துல இருந்து எட்டாயிரத்து நானூறு எடுத்துட்டதா அவ போனுக்கு மெசேஜ். இன்னும் அம்பத்தொம்பது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வெடியால வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க. தன்ஷிகாவோட அம்மா வெண்ணிலா, நூல் மில்லுல வேலை. புள்ளையையும் கையில புடிச்சுட்டு வந்திருந்துச்சு. ஒரு பை நெறையக் கத்திரிக்காய், அவங்க கொல்லையில காச்சதாம்.

"மூணு வாரமா ஓயாம ஷிப்டுங்கண்ணா, இன்னைக்குத்தான் வர முடிஞ்சுது. புள்ள ஓடி வந்ததுக்கு நீங்க நல்ல நேரத்துல பிரேக் புடிச்சீங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. வேற ஆளா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஆயாம்மா புதுத் தட்டு வேற வாங்கிக் குடுத்திருக்காங்க. உங்களக் கும்புட்டுட்டுப் போலாம்னு வந்தேன்"னு சொல்லிட்டு, புள்ளைய என் கால்ல உழச் சொல்லுச்சு. அது உழுந்துச்சு. நான் அதத் தடுக்கக் கூட இல்ல, அது குனிஞ்சதே எனக்குத் தெரியல. கால்ல கை பட்டதும்தான் தெரிஞ்சுது.

ருக்மணி உள்ள இருந்து வந்து கதவோரம் நின்னுட்டா. சொல்ல வேண்டாம்னு அவ சைகை காட்டல. சொல்லுன்னும் காட்டல.

"அம்மிணி, நான் பிரேக் புடிச்சது தட்டு நசுங்குன பொறவு. உன் புள்ள ஓடி வரல. அது நின்னுட்டு இருந்துச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியாது"ன்னேன்.

வெண்ணிலா மூஞ்சியில சிரிப்பு அப்படியே நின்னுச்சு. "அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்களா அண்ணா?"

ஆமான்னு சொல்லியிருந்தா அது என்னை மன்னிச்சுருக்கும். அதுக்குத்தான் கேட்டுச்சு.

"இல்லம்மிணி. ஆறு மாசமாத் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டுனேன்."

"எனக்கும் தெரியும்"ன்னா ருக்மணி கதவோரத்துல இருந்து.

வெண்ணிலா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. திட்டும்னு நெனச்சேன், மண்ண வாரித் தூத்தும்னு நெனச்சேன். கீழ உக்காந்திருந்த புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுக்குச்சு, எட்டு வயசுப் புள்ளைய. பைய அங்கயே போட்டுட்டு வாசப்படி எறங்கி, அந்த வெள்ளைக் காரத் தாண்டிப் போச்சு. காரத் தாண்டி எந்தப் பக்கமாத் திரும்புனாங்கன்னு எனக்குத் தெரியல.